மலை ஏரியின் பெட்ரோல் கணக்கு

துறைமுகத்தில் அவருக்குக் "காது" என்று பெயர். பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்தது. அது சம்பளச் சீட்டோடு சரி. பழுதுபார்க்க வந்த ஏதோ ஒரு படகு எஞ்சினுக்குள் தலையைக் கவிழ்த்திருப்பார். தூரத்தில் ஒரு படகு வரும். நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "கீழ் சிலிண்டர் தூங்குது, பிளக்கைக் கழட்டிக் கொண்டா" என்பார். கழற்றினால் அப்படித்தான் இருக்கும். யாரும் அவருக்குப் பாடம் எடுத்ததில்லை. கெட்டுப்போன எஞ்சின்களைப் பிரித்து, பிரித்த சாமானைச் சாக்கின்மேல் வரிசையாக வைத்து, திரும்பப் பூட்டி, மிச்சமாக ஒரு திருகு நின்றுவிட்டால் மறுபடியும் முழுவதையும் பிரித்து, அப்படியே கற்றுக்கொண்டது. யாராவது அவசரப்படுத்தினால் ஸ்பேனரைக் கீழே வைத்து, "அப்ப நீயே பாத்துக்கோ" என்று டீ குடிக்கப் போய்விடுவார். அதற்குப் பயந்து படகுக்காரர்கள் வாயைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள்.

அங்கே அவர் கற்ற இன்னொன்று, திருட்டைக் கண்டுபிடிப்பது. சம்பளத்துக்கு ஓட்டுபவர்களில் சிலர் பெட்ரோலை உறிஞ்சி விற்றுவிட்டு, குறைந்த அளவை நிரப்ப மண்ணெண்ணெய் ஊற்றி வைப்பார்கள். அந்த எஞ்சின் புகைவிடும், பாரம் இழுக்கத் திணறும், பிளக் முனையில் ஈரக்கரி அப்பிக்கொள்ளும். காது பிளக்கை வாங்கி விரலால் ஒரு தேய் தேய்த்துப் பார்த்து, "எவ்வளவு ஊத்தினே?" என்று மட்டும் கேட்பார். பாதிப் பேர் அங்கேயே ஒத்துக்கொள்வார்கள். அவர் சொல்லி வேலை போனவர்கள் உண்டு. தப்பாகச் சொல்லிவிட்டார் என்று ஒருவரும் சொன்னதில்லை. அவருக்கென்று ஒரு கர்வம் இருந்ததென்றால் அது அதுதான்.

மனைவி தவறிய பிறகு, மகள் அவரை மலைக்கு அழைத்துக்கொண்டாள். ஒரே மகள். வீடு என்பது கயிறும் தார்ப்பாயும் விற்கும் கடைக்கு மேலே இரண்டு அறை. சுவர் எப்போதும் வியர்த்துக்கொண்டிருக்கும். ஒரு ஜன்னலைத் திறந்தால் ஏரி முழுவதும் தெரியும். அதன் கீழே தையல் மெஷினைப் போட்டுக்கொண்டு மகள் தலையணை உறைகள் தைப்பாள். மருமகன் ஏரியில் படகு ஓட்டினான். இந்தக் கரையிலிருந்து அக்கரைக் குடியிருப்புக்கு ஆட்களும் மூட்டைகளும் ஏற்றிப்போகும் படகு அது. ஏரியில் எஞ்சின் வைத்தது அது ஒன்றுதான், மற்றதெல்லாம் துடுப்பு.

அதுவும் அவர் கைங்கரியம். பழைய டீசல் எஞ்சின் செத்துப்போனபோது, படகுத்துறை மேனேஜர் மருமகனிடம், "உங்க மாமனார் பெரிய ஆளாமே, நல்லதா ஒண்ணு பாத்துக் குடுக்கச் சொல்லேன்" என்றிருக்கிறார். காது துறைமுகத்தில் தனக்குத் தெரிந்த, தானே பலமுறை பிரித்துப் பூட்டிய பெட்ரோல் எஞ்சின் ஒன்றைத் தேர்ந்து, அதோடு பஸ்ஸின் பின்சீட்டில் உட்கார்ந்துதான் மலைக்கு வந்தார். வந்தவுடன் பெட்ரோல் அளவையும் அவரே சொன்னார். ஏரியின் அகலம், பாரம் இரண்டையும் கேட்டு, மனசுக்குள் கணக்குப் போட்டு, "ஒரு கேன். போயிட்டு வந்து அடியில கொஞ்சம் மிஞ்சும்" என்றார். மேனேஜர் அன்றிலிருந்து ஒரு நடைக்கு ஒரு கேன் என்று கொடுத்தார்.

மிஞ்சவில்லை. முதல் வாரமே படகு திரும்பி வரும் வழியில் நின்றது. மருமகன் துடுப்புப் போட்டுக் கரை சேர்த்தான். அடுத்த நாள் கூடுதலாகக் கேட்டான். அதற்கடுத்த நாளும் கேட்டான். பயணிகளுக்கு வாய் சும்மா இருக்குமா? மூட்டை ஏற்றி வரும் விறகுக்காரி ஒருநாள், "தாகம் எஞ்சினுக்கா, ஓட்டுறவருக்கா?" என்றாள். படகே சிரித்தது. அவனும் சிரித்தான். சிரித்தது தப்பு என்று பிற்பாடு சொன்னார்கள்.

வீட்டில் அவன் மாமனாரிடம் சொன்னான். "மாமா, எஞ்சின்தான் குடிக்குது. முழுசாத் திருகி வெச்சாத்தான் நகருது. கொஞ்சம் குறைச்சாலும் நின்ன இடத்துல நிக்குது."

"அந்த எஞ்சினை எனக்குத் தெரியும் மாப்பிள்ளை."

"இல்ல மாமா, இங்க வந்ததுல இருந்து..."

"இங்க தண்ணி வேறயா? தண்ணி தண்ணிதானே. அலைகூட இல்ல."

அவன் அதற்குமேல் பேசவில்லை. அவன் பேச்சு குறைவான ஆள். காதுக்கு அதுவும் பிடிக்கவில்லை. துறைமுகத்தில் பெட்ரோல் விற்றவர்களும் அதிகம் பேசியதில்லை.

ஒருநாள் காலை மேனேஜர் ஆள் அனுப்பினார். படகுத்துறைக் கொட்டகைக்கு ஏறும் சரிவில் காது நடுவில் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டார். மலைக்கு வந்ததிலிருந்தே அப்படித்தான். வயசு என்று நினைத்துக்கொண்டார். கொட்டகையில் மருமகன் நின்றிருந்தான், டிக்கெட் கிழிப்பவன் நின்றிருந்தான், விறகுக்காரியும் இன்னும் நாலைந்து பேரும் படகுக்குக் காத்திருக்கிற சாக்கில் நின்றிருந்தார்கள்.

"பெரியவரே, நீங்களே பாத்துச் சொல்லுங்க," என்றார் மேனேஜர். "உங்க எஞ்சின், உங்க கணக்கு, உங்க மாப்பிள்ளை. நான் எதுவும் சொல்லல."

காது எஞ்சினைத் தட்டிவிடச் சொன்னார். நீலப்புகை கக்கியது. குரல் கட்டிப்போன ஆள் பேசுவதுபோல் இழுத்தது. நிறுத்தி, பிளக்கைக் கழற்றினார். முனை முழுக்க ஈரக்கரி. கேனைத் திறந்து முகர்ந்தார். மண்ணெண்ணெய் வாடை வரவில்லை. மலைக்கு வந்ததிலிருந்து மூக்கு அடைப்பு. கொஞ்சமாகக் கலந்திருந்தால் தெரியாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அந்த இடத்தில் அவர் நிறுத்தியிருக்கலாம். "தெரியல, பிரிச்சுப் பாக்கணும்" என்று சொல்ல அவருக்கு உரிமை இருந்தது. எத்தனையோ முறை சொன்னவர்தான். ஆனால் சுற்றி நின்றவர்கள் தன் முகத்தையே பார்ப்பது தெரிந்தது. சொந்தக்காரன் என்பதால் மழுப்புகிறார் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்ற வீம்பு வந்துவிட்டது.

"கலப்படம்," என்றார்.

மருமகன் அவரைப் பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தேவலை. "மாமா," என்று ஒரே ஒரு முறை சொன்னான். பிறகு சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு இறங்கிப் போனான்.

அவன் வீட்டுக்கு வருமுன்னே செய்தி மாடி ஏறிவிட்டது. மகள் மெஷினை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தாள். அவன் செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டுவிட்டாள்: "யாருக்கு வித்தே?"

விற்றாயா என்று கேட்கவில்லை. யாருக்கு என்று கேட்டாள். அப்பா சொன்னால் சொன்னதுதான் என்று வளர்ந்த பெண். அன்று அவன் ஜன்னலோரம் பாயைப் போட்டுத் தனியாகப் படுத்தான். மறுநாள் மரஅறுவை மில்லில் பலகை ஏற்றும் வேலைக்குப் போய்விட்டான்.

"வேற ஆள் கிடைக்கிற வரைக்கும் நீங்களே ஓட்டுங்க பெரியவரே. வீட்டு மானத்தையும் பாக்காம நேர்மையாச் சொன்னீங்க. உங்களை நம்பாம யாரை நம்புறது?" என்றார் மேனேஜர். காதுக்கு மறுக்கத் தோன்றவில்லை. பெட்ரோலைத் தானே பிடித்தார், ஆயிலைத் தானே அளந்து கலந்தார், கேனைத் தன் கண்ணெதிரில் வைத்துக்கொண்டார்.

அக்கரைக்குப் போகும்போது ஒன்றும் தெரியவில்லை. மருமகன் சொன்னதுபோல் முழுசாகத் திருகி வைத்தால்தான் படகு நகர்ந்தது என்பதைக் கை உணர்ந்தது. மனசு ஒதுக்கித் தள்ளியது. திரும்பும்போது ஏரியின் நடுவைத் தாண்டியதும் அது நடந்தது. அதுவரை தொண்டையில் சளியோடு முனகிக்கொண்டிருந்த எஞ்சின் திடீரென்று குரல் தெளிந்தது. புகை நின்றது. படகு மூக்கைத் தூக்கிக்கொண்டு பாய்ந்தது. துறைமுகத்தில் அவர் கேட்ட அதே குரல், சுத்தமான, கணீரென்ற குரல். ஒரு மூச்சு நேரம் அப்படிப் பாடிவிட்டு எஞ்சின் நின்றுபோனது. கேன் காலி.

"அட, இவருக்கும் தாகம்டா," என்றாள் விறகுக்காரி.

அவர் காதில் அது விழவில்லை. துடுப்பை எடுத்து நாலு இழுப்பு இழுத்தார். நெஞ்சு அடைத்தது. வாயைத் திறந்து மூச்சை இழுத்தார்; காற்று வந்தது, ஆனால் போதவில்லை. இன்னும் இழுத்தார், அப்போதும் போதவில்லை. துடுப்பை மடியில் வைத்தபடி உட்கார்ந்தவருக்கு, பெட்ரோல் தீரும்போது மட்டும் அது ஏன் நன்றாகப் பாடியது என்பது அப்போது விளங்கியது. பெட்ரோல் குறைந்தபோதுதான் அதற்கு இருந்த காற்று போதுமானதாக இருந்தது. இந்த உயரத்தில் காற்று மெலிசு. கடல்மட்டத்துக் காற்றுக்கென்று பெட்ரோல் துளை போட்ட எஞ்சின், இங்கேயும் அதே அளவு பெட்ரோலை விட்டுக்கொண்டிருந்தது. எரிய வழியில்லாத மிச்சம் புகையாகவும் கரியாகவும் போயிற்று. வலு குறைந்ததால் முழுசாகத் திருக வேண்டியிருந்தது. திருகத் திருக இன்னும் குடித்தது. கலப்படமும் இல்லை, திருட்டும் இல்லை.

கரை சேர்ந்ததும் அவர் செய்ய வேண்டியது ஒன்றுதான். மேனேஜரைக் கூப்பிட்டு, எஞ்சினைத் தொடாமல் அப்படியே காட்டியிருக்க வேண்டும். ஆனால் இத்தனை வருஷப் பழக்கம், கோளாறு தெரிந்த பிறகு கை சும்மா இருக்கவில்லை. கார்புரேட்டரைப் பிரித்து, பெட்ரோல் போகும் அந்தச் சின்னப் பித்தளை ஜெட்டைக் கழற்றினார். சின்னத் துளை வேண்டும். இங்கே எங்கே கிடைக்கும்? பட்டறை வழக்கப்படி துளையில் ஈயத்தை உருக்கி அடைத்து, மெல்லிய ஊசித் துளைப்பானால் புதுத் துளை போட்டார். வழிந்த ஈயத்தை உப்புத்தாள் வைத்துத் தேய்த்துச் சுத்தம் செய்தார். ஜெட்டின் முகத்தில் பொறித்திருந்த அளவு எண்ணும் அதோடு தேய்ந்துபோனது. அதை அவர் கவனிக்கவே இல்லை. மறுநாள் படகு அக்கரை போய்த் திரும்பியது. துறைமுகக் குரல் முழுசாக வரவில்லை. காற்றை யாரால் கூட்ட முடியும்? ஆனால் புகை இல்லை, கேனின் அடியில் பெட்ரோல் மிச்சம் இருந்தது.

மேனேஜர் கேனை ஆட்டிப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. கொட்டகையில் இருந்த எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்: "பாத்தீங்களா? கை மாறினதும் பெட்ரோல் மிஞ்சுது."

காது அவசரமாகக் குறுக்கிட்டார்.

"அது இல்லங்க. எஞ்சின் கோளாறு. நான்தான் தப்பாச் சொல்லிட்டேன். காத்து மெலிசு, அதனால..."

"காத்து மெலிசா?" மேனேஜர் மூக்கை உறிஞ்சிக் காட்டினார். "எனக்கு நல்லாத்தானே வருது."

"நேத்து எனக்கும் நடு ஏரியில நின்னுபோச்சு. இவங்களைக் கேளுங்க."

"நின்னுச்சுதான்," என்றாள் விறகுக்காரி. "ஆனா பெரியவருக்கு வழி புதுசு. சுத்திக்கிட்டுப் போனாரு."

காது ஜெட்டைக் கழற்றி எடுத்துக் காட்டினார். துளையைப் பெரிதாக்கிக் காட்டுகிறேன், அப்போது பாருங்கள் என்றார். மேனேஜர் அதை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார். முட்டாள் இல்லை அவர்.

"துளையைப் பெருசாக்கினா அதிகமாக் குடிக்கும், சின்னதாக்கினா கம்மியாக் குடிக்கும். இதுக்கு மெக்கானிக் எதுக்கு, என் பொண்டாட்டியே சொல்லுவா. முன்னாடி எவ்வளவு பெருசா இருந்துச்சுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

காது ஜெட்டைத் திருப்பிப் பார்த்தார். எண் இருந்த இடம் கண்ணாடிபோல் பளபளத்தது.

"மாப்பிள்ளை பாசம், தப்பில்ல," என்று மேனேஜர் அவர் தோளில் தட்டினார். "நீங்க மொதல்ல சொன்னதே போதும். அதைத்தான் நான் நம்புறேன்."

மறுநாள் காது பஸ் ஏறிக் கீழே இருக்கும் பெரிய ஊருக்குப் போனார். வளைவு வளைவாக இறங்க இறங்க நெஞ்சு லேசானது. அந்தச் சுகத்தை அனுபவிக்கிற மனநிலையில் அவர் இல்லை. உதிரிபாகக் கடைக்காரர் சின்ன வயசுக்காரர், போனைக் காதில் வைத்தபடியே விசாரித்தார்.

"எங்க ஓட்டுறீங்க?"

"மேல, மலை ஏரியில."

"மேலயா? அப்ப சின்ன நம்பர் தரேன். மேல போறவங்க எல்லாம் அதைத்தான் வாங்குவாங்க."

ஜீப்புக்கு, ஜெனரேட்டருக்கு, மரம் அறுக்கும் மெஷினுக்கு எல்லாம் அதுதான் வழக்கம் என்று சொல்லிக்கொண்டே டப்பாவைத் துழாவினார். கடையில் நின்று வியாபாரம் செய்கிறவனுக்குத் தெரிந்திருந்தது. காது கண்ணாடி மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றார். கடலைத் தவிர வேறெங்கும் ஒரு எஞ்சினை அவர் கேட்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"எனக்குப் பெருசுதான் வேணும். கம்பெனியில இருந்து வர்றது. பாக்கெட் பிரிக்காம குடுங்க."

"பெட்ரோல் குடிக்குமே பெரியவரே. வழியில நின்னுடும்."

"நிக்கணும்," என்றார்.

மேனேஜர் முதலில் ஒப்புக்கொள்ளவில்லை. இரண்டு நாள் காது கொட்டகை வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். கடைசியில் தொல்லை தாங்காமல் மேனேஜர் படகுக்கு வந்தார். பாக்கெட்டைத் தானே பிரித்தார், எண்ணைப் படித்தார், பூட்டும்போது பக்கத்தில் நின்றார், கேனைத் தானே நிரப்பினார். வழக்கமான பாரத்துக்கு மூட்டைகள் ஏற்றினார்கள். திரும்பி வந்துவிட்டால் மருமகன் திருடன், நின்றுவிட்டால் இல்லை. கணக்கு அவ்வளவுதான்.

வாழ்நாள் முழுவதும் எஞ்சின் நிற்கக் கூடாதென்று உழைத்தவர், அன்று அது நிற்க வேண்டும் என்று கைப்பிடியைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். அக்கரை போய்த் திரும்பினார்கள். நடு ஏரி வந்தது, கடந்தது. கரையில் கொட்டகையின் தகரக்கூரை தெரிய ஆரம்பித்தது. மேனேஜர் அவரைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். அப்போது எஞ்சின் குரல் தெளிந்தது. புகை அறுந்தது. படகு ஒரு துள்ளுத் துள்ளியது. "நிக்கப் போகுது," என்று அவர் சொல்லி முடிக்கவில்லை, நின்றது.

தண்ணீர் படகின் வயிற்றில் தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. மேனேஜர் கேனைத் திறந்து தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தார்.

"சரி," என்றார். "எஞ்சின்தான்."

"நாலு பேர் முன்னாடி சொல்லணும்."

"சொல்றேன்." துடுப்பை எடுத்து ஒன்றை அவரிடம் நீட்டினார். "ஆனா வேலைக்கு ஆள் போட்டாச்சு பெரியவரே. என் சம்சாரத்தோட தம்பி. இன்னிக்கு வரச் சொல்லிட்டேன். இனிமே வராதேன்னு சொன்னா நான் வீட்டுக்குப் போக முடியுமா, சொல்லுங்க."

சொன்னபடி மேனேஜர் சொல்லத்தான் செய்தார். டிக்கெட் கிழிப்பவனிடமும் விறகுக்காரியிடமும் சொன்னார். அவர்களும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்கள். அந்த வாரம் டீக்கடையில் காதின் முதுகுக்குப் பின்னால் ஒருவன் சொன்னான்: "ஏதோ ஒரு சாமானை மாத்திப் போட்டு, மாப்பிள்ளையைக் காப்பாத்திட்டாராம் மனுஷன். கைகாரர்." அதைப் பாராட்டாகவே சொன்னான்.

வீட்டில் அவர் இருவரையும் உட்கார வைத்து எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார். காற்று, துளை, கரி, கடைக்காரர் சொன்னது, நடு ஏரி, எதையும் விடவில்லை. மருமகன் தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டான். கை மரத்தூளில் வெடித்திருந்தது.

"தப்பு என்னோடதுதான் மாப்பிள்ளை."

"விடுங்க மாமா. எஞ்சின் குடிக்குதுன்னு நான் அன்னிக்கே சொன்னேன்." அதில் குத்தல் இல்லை. நேற்று மழை பெய்தது என்பதுபோல் சொன்னான். எழுந்து கை கழுவப் போனான்.

மகள் அப்பாவைப் பார்த்தாள். "நீங்க சொன்னதாலதான் நான் கேட்டேன்," என்றாள் மெல்லிய குரலில். அவர் தலையை ஆட்டினார்.

அவள் பிறகு மாற முயன்றாள். மில்லுக்கு நேரத்தோடு சாப்பாடு கட்டிக் கொடுத்தாள். அவன் வருகிற நேரத்துக்கு மெஷினை நிறுத்திவிட்டு வெந்நீர் வைத்தாள். அவனும் கேட்டதற்குப் பதில் சொன்னான். இரண்டொரு தடவை சிரிக்கவும் செய்தான். பாயை மட்டும் ஜன்னலோரத்திலிருந்து எடுக்கவில்லை.

ஒருநாள் மாலை, அவன் கழற்றிப்போட்ட சட்டையை அவள் வாளியில் ஊறப்போட எடுத்தாள். போடுமுன், அவளையறியாமல், அதை முகத்துக்கு அருகில் கொண்டுபோய் முகர்ந்தாள். படியில் உட்கார்ந்து காலில் ஏறியிருந்த மரச்சிலாம்பைப் பிடுங்கிக்கொண்டிருந்த அவன், நிமிர்ந்து பார்த்துவிட்டான். கட்டிலில் சாய்ந்திருந்த காதும் பார்த்தார்.

"டீசல்," என்றான் அவன். "லாரியில உரசினது."

"கறை போகுமான்னுதான் பாத்தேன்," என்றாள்.

"பாத்துக்க."

அவள் சட்டையை வாளிக்குள் அமுக்கிக் குழாயைத் திறந்துவிட்டாள். அவன் மறுபடியும் குனிந்து காலில் சிலாம்பைத் தேடினான்.